போற வழியிலை ஒரு வீடு

அந்த அண்ணையின் வான் வண்டியில் ஏறினால் எங்கே போய்ச் சேர்வோம் என்று ஏறுகிறவர்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நான் கன காலமாக நினைத்திருந்தேன். பிறகுதான் விளங்கியது, அவருக்கு வடிவாகத் தெரியும். நாங்கள் சொல்கிற இடத்துக்கு அவர் புறப்படுவதே இல்லை.

அவர் இப்போது பிள்ளைகளுக்குப் பின்னால் லண்டனுக்குப் போய்விட்டார். அங்கே தெருவுக்குப் பத்துத் தமிழ் வீடு. மனிசன் காலையில் கடைக்குப் பால் வாங்கப் புறப்பட்டால் எந்த மாதம் திரும்பி வருவாரோ தெரியாது. நாங்கள் இன்னும் டென்மார்க்கின் விபோர்க் நகரில்தான். அவர் இருந்தது எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. நானும் என் மனிசனும் வண்டி ஓட்டப் பழகவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸும் இல்லாத நாடு இது. ஆகவே எங்கே போவதென்றாலும் அவர்தான் கதி.

டென்மார்க்குக்கு நாங்கள் அகதியாக வந்த காலத்தில் எங்களை ஒரே இடத்தில் விடவில்லை. ஒரு ஊருக்கு ஒரு குடும்பம், மிஞ்சினால் இரண்டு குடும்பம் என்று தூவி விட்டார்கள். அந்தத் தூவின வீடுகள் எல்லாம் அந்த மனிசனின் தலைக்குள் இருந்தன. வீதியில் ஊர்ப் பெயர்ப்பலகை வந்தால் அவர் ஊரின் பெயரைச் சொல்லமாட்டார். "உது மூண்டு பெம்பிளைப் பிள்ளையள்காரரின்ர இடம்," என்பார். "உதிலை இருக்கிற தம்பிக்குப் போன வரியம் முதுகு நாரியிலை ஒப்பரேசன்." சொல்லும்போதே கால் பிரேக்கில் போய்விடும். அடுத்து வரும் வசனம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

"போற வழியிலை ஒரு வீடு இருக்கு. ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம்."

எட்டிப் பார்ப்பதென்றால் வாசலில் நின்று தலையை நீட்டிவிட்டு வருவது என்று நினைக்கக்கூடாது. சப்பாத்தைக் கழற்ற வேண்டும். உள்ளே போய் இருக்க வேண்டும். தேத்தண்ணி வரும், அதோடு மிக்ஸர் வரும். வீட்டுக்காரி நடுவில் காணாமற் போவா. குசினிக்குள் வெங்காயம் தாளிக்கிற மணம் வந்ததென்றால் அன்றைய பயணம் அவ்வளவுதான். முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லலாமே என்று ஒருநாள் கேட்டேன். "சொன்னால் அவை சமைக்கத் துவங்கிவிடுவினம் தங்கச்சி. பாவம், ஏன் கரைச்சல் குடுப்பான்," என்றார். சொல்லாமல் போய் நின்றால் அதே சனம் பதறி அடித்துக்கொண்டு சமைக்கும் என்பது அவர் கணக்கில் வரவே வராது.

அவருடைய மனிசி அவரோடு எங்கும் போவதை எப்போதோ நிறுத்திவிட்டா. "இவரோடை கோயிலுக்கு வெளிக்கிட்டு, பூசை முடிஞ்சு பூட்டினாப் பிறகுதான் நான் எத்தினை தரம் சாமி கும்பிட்டனான்," என்று சிரிக்காமல் சொல்லுவா.

ஒருமுறை நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் டேனிஷ்காரி ஒருத்தி மோர்ஸ் தீவைப் பற்றிச் சொன்னாள். அங்கே ஹங்க்லிட் என்று ஒரு குன்று, தண்ணீருக்கு மேலே சுவர்போல நிமிர்ந்து நிற்குமாம். மண்ணில் கோடு கோடாகக் கறுப்பு வரி ஓடுமாம். பார்க்க ஆசை வந்துவிட்டது. இரண்டு குடும்பம் சேர்ந்து சோறு கட்டிக்கொண்டு அண்ணையின் வானில் புறப்பட்டோம். வழியில் ஸ்கீவ என்ற ஊரில் ஒரு வீட்டை எட்டிப் பார்த்தோம். தீவுக்குள் போனபிறகு இன்னொரு வீட்டை எட்டிப் பார்த்தோம். அந்த வீட்டில் மகளின் கலியாண வீடியோவைப் போட்டார்கள். மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டு, விருந்து, படம் பிடிப்பு என்று ஒன்று விடாமல் பார்த்து முடித்து வெளியே வந்தால் ஹங்க்லிட் இருட்டுக்குள் நின்றது. வானின் முன்விளக்கு வெளிச்சத்தில் கொஞ்சப் புல்லைக் கண்டோம். பிள்ளைகள் பின் இருக்கையில் அழுதார்கள். "குன்று எங்கை போகப்போகுது, அடுத்த முறை பாப்பம்," என்று அண்ணை ஆறுதல் சொன்னார். அவர் இந்த நாட்டில் ஓட்டாத வீதி இல்லை, கண்டதெல்லாம் வீட்டு வாசல்கள்தான்.

இப்படிப்பட்டவரை நம்பித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏறினேன். வேறு வழி இருக்கவில்லை.

என்னுடைய மூத்தவள் ஆரணி ஓகூஸ் நகரில் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிய, மத்தியாஸ் என்ற ஒரு டேனிஷ் பொடியனோடு மொல்ஸ் மலைப்பக்கம் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இருந்துவிட்டாள். கலியாணம் இல்லை, பதிவெழுத்து இல்லை. அவளுடைய அப்பா கத்தினார். நானும் பேச்சில் குறை வைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் போனை அவள் எடுப்பதை விட்டுவிட்டாள். பனிக்காலம் போய், வசந்தம் போய், கோடை வந்தபிறகு டேனிஷில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு, பொடியனின் தாய் தகப்பனும் வருகிறார்கள். கடைசி வரி மட்டும் தமிழில் இருந்தது: பிந்தி வரவேண்டாம் அம்மா, ப்ளீஸ்.

அந்த வரியின் பாரம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் சிநேகிதப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு நாங்கள் அவளைக் கூட்டிப் போவது கேக் வெட்டி முடிந்த பிறகுதான். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் கதிரை அடுக்குகிற நேரத்துக்குப் போய்ச் சேருவோம். டேனிஷ்காரரிடம் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. ஐந்து நிமிடம் முந்திப் போனால் காருக்குள் இருந்து மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிற சனம் அது. இந்த ஒரு சாப்பாட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் என் பிள்ளை இனி என்னைக் கூப்பிடமாட்டாள். இதைவிட வேறு ஒன்றும் என் மண்டைக்குள் இல்லை.

அவளுடைய அப்பா வரவில்லை. வேண்டுமென்றே ஞாயிறு வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணையிடம் நான் முழுதையும் சொல்லவில்லை. ஆரணியின் சிநேகிதப் பிள்ளை வீட்டில் சாப்பாடு என்றேன். பன்னிரண்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் மூன்று நாளாகச் சொன்னேன்.

"ஓமோம் தங்கச்சி. பன்னிரண்டு எண்டால் ஒண்டரைக்கிடையிலை கொண்டுபோய் விட்டிடுவன்."

"அண்ணை, பன்னிரண்டு எண்டால் பன்னிரண்டு."

"அதுதானே நானும் சொல்லுறன்."

ஒன்றரை, ஒன்றேமுக்கால் மணித்தியாலப் பயணம். நான் எட்டரைக்கே அவரை இருக்கையில் இருத்திவிட்டேன். மடியில் றோல்ஸ் தட்டு, காலடியில் கட்லட் பெட்டி. பட்டுச்சேலை வேண்டாம் என்று பருத்திச் சேலையை நன்றாக அயன் போட்டு மினுக்கிக் கட்டியிருந்தேன்.

ரண்டர்ஸில் முதல் வீடு. நான் இறங்கமாட்டேன் என்று வானுக்குள்ளேயே இருந்தேன். இறங்காமல் இருந்ததுதான் பிழையாய்ப் போச்சு. வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளியே வந்து, யன்னலுக்குள் தேத்தண்ணியை நீட்டி, ஏன் கோபம் என்று கேட்டு, என்னைச் சமாதானம் பண்ணி உள்ளே கூட்டிப்போக அரை மணித்தியாலம் ஆனது. உள்ளே போயிருந்தால் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஹோர்ன்ஸ்லெட்டில் வீடு பூட்டியிருந்தது. தெய்வமே என்று நெஞ்சில் கைவைத்தேன். அண்ணை போனை எடுத்தார்.

"தம்பி, உங்கடை வாசல்லைதான் நிக்கிறம். ஓ, கடையிலையோ? பறவாயில்லை, ஆறுதலா வாங்கோ. நாங்கள் நிக்கிறம்."

ஆட்கள் இல்லாத வீட்டுக்கு முன்னால், அவர்கள் சாமான் வாங்கி வரும்வரை காவல் இருந்த ஒரே சாதி நாங்களாகத்தான் இருப்போம். நான் மணியைப் பார்த்தேன். அவர் அந்த வீட்டு மரத்தில் அப்பிள் பிடித்திருப்பதைப் பார்த்து, சென்ற வருடம் இவ்வளவு இல்லை என்று எனக்கு விளக்கம் சொன்னார். அவர்கள் வந்து, தேத்தண்ணி குடித்து, அண்ணை மரத்தடியில் அந்தத் தம்பியோடு ஏதோ குசுகுசுத்து, ஒரு பை அப்பிளும் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.

ரொண்ட என்ற ஊரில் சந்தி வருகிறது. வலது பக்கம் திரும்பினால் மொல்ஸ். போனால் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முந்தியே சேரலாம். எனக்கு மூச்சு வந்தது.

"அண்ணை, இதிலை வலது."

"தெரியும் தங்கச்சி," என்று சொல்லிக்கொண்டே இடது பக்கம் திருப்பினார்.

"அண்ணை!"

"கோலின்ட் கிட்டத்தான். இவ்வளவு தூரம் வந்திட்டு அந்தப் பிள்ளையைப் பாக்காமல் போனால் என்ன நினைக்கும்?"

நான் எவ்வளவோ சொன்னேன். அழுதும் பார்த்தேன் என்று சொன்னால் வெட்கம்தான், ஆனால் உண்மை. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கோடையிலும் கழற்றாத கம்பளித் தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "அழாதை பிள்ளை, அஞ்சு நிமிசம்," என்றார். மனிசனின் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல இருந்தது. ஓடிக்கொண்டிருக்கிற வானில் அதுவும் சரிவராது.

கோலின்டில் இருந்த பெண்ணும் என்னைப்போல முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். கண்டதும் கையைப் பிடித்து இருத்தினாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு அண்ணை சாவகாசமாக ஆரம்பித்தார்.

"இவையின்ர மூத்தவள் இப்ப மொல்ஸிலைதான் இருக்கிறாள், தெரியுமோ? ஒரு டேனிஷ் பெடியனோடை. உங்களுக்குக் கிட்ட."

நான் கோப்பையை மேசையில் வைத்தேன். ஒரு வருடமாக எங்கள் சொந்தச் சகோதரத்துக்கே சொல்லாமல் பொத்தி வைத்திருந்த கதை. அவருக்கு எப்படித் தெரியும்? ரண்டர்ஸ்காரர் ஆரணியையும் பொடியனையும் கடையில் கண்டு அவருக்குச் சொன்னார்களாம். அதாவது ரண்டர்ஸுக்குத் தெரியும். இவர் ஹோர்ன்ஸ்லெட்டிலும் மரத்தடியில் அந்தத் தம்பியோடு குசுகுசுத்தது இதைத்தான். இப்போது கோலின்டுக்கும் தெரியும். கோலின்ட்காரி என் பக்கம் திரும்பினாள். பிறகு, "எந்த வீடு அக்கா? றோட்டுப் பேர் என்ன?" என்று கேட்டாள். நான் வாய் திறக்க முந்தியே அண்ணை றோட்டுப் பேர், வீட்டு இலக்கம், வாசற்கதவின் நிறம் எல்லாம் சொன்னார். அந்த விலாசமும் அடையாளமும் நான் வழி பார்ப்பதற்காக அவரிடம் கொடுத்தது. அதற்குப் பிறகு குசினிக்குள் வெங்காய மணம் வந்தது.

மொல்ஸ் மலைகளுக்குள் வான் ஏறியபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. மலை என்று டேனிஷ்காரர்தான் சொல்கிறார்கள், அவர்களுக்கு மலை கிடையாது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கும் கிடையாது, அதனால் நாங்களும் ஒத்துக்கொண்டோம். ஒடுங்கிய வீதி ஏறி இறங்கிப் போகிறது. ஒரு மேட்டில் ஏறினால் இடப்பக்கம் கடல், அடுத்த மேட்டில் வலப்பக்கம் கடல். சரிவெல்லாம் காய்ந்த புல்லும் ஊதாப் பூவும், நடுவில் மயிர் அடர்ந்த மாடுகள். பிற நாட்டார் தேடி வராத, இந்த நாட்டாரே அரைவாசிப்பேர் பார்க்காத இடம். நான் போனை உயர்த்திப் பிடித்து சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன். பள்ளத்தில் இறங்கினால் சிக்னல் இல்லை, மேட்டில் வந்தால் ஆரணி எடுக்கவில்லை. அவ்வளவு அழகையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

ஆரணி வாசலில் நின்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு காண்கிறேன். மெலிந்திருந்தாள். கட்டிப்பிடிக்கப் போனேன்.

"அம்மா, மூன்று மணி ஆகப்போகிறது," என்றாள் டேனிஷில்.

பொடியனின் தாயும் தகப்பனும் நல்ல மனிதர்கள். அரை மணித்தியாலம் காத்திருந்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டார்களாம். அதையும் மன்னிப்புக் கேட்டுச் சொன்னார்கள். மேசையில் எனக்கும், வராத என் மனிசனுக்கும் வைத்த இரண்டு தட்டு துடைத்தபடி இருந்தது. நான் றோல்ஸ் தட்டையும் கட்லட் பெட்டியையும் வைத்தேன். அண்ணை பின்னாலே அப்பிள் பை, கோலின்ட் இடியப்பப் பெட்டி, ரண்டர்ஸ் மிக்ஸர் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து இறக்கினார். பிறகு எனக்கு வைத்த இடத்தில் இருந்துகொண்டு, மிச்சம் இருந்த மீனையும் கறுப்புப் பாண் துண்டுகளையும் ருசித்துச் சாப்பிட்டார். தன்னுடைய உடைந்த டேனிஷில் பொடியனின் தகப்பனிடம், பாதையில் எத்தனை வீட்டுக்குப் போனோம், அங்கே எல்லாம் இந்தப் பிள்ளை இங்கே இருப்பதைச் சொல்லியாயிற்று என்று பெருமையாக விளங்கப்படுத்தினார்.

ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீதான் சொல்லச் சொன்னாயா? எல்லோருக்குமா?" அதுவும் டேனிஷில்தான். நான் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனவள் நாங்கள் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

திரும்பி வரும்போது நான் வெடித்தேன். அவர் வயசுக்கு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்று ஆட்கள் சொல்லலாம். அப்போது பேசாவிட்டால் எனக்கு விசர் பிடித்திருக்கும்.

"உங்களை ஆர் சொல்லச் சொன்னது? என்ர பிள்ளை இனி என்னோடை கதைக்கமாட்டாள். அது உங்களுக்கு விளங்குதோ? அவளின்ர கதையை ஊர் ஊராச் சொல்ல நீங்கள் ஆர்?"

அவர் வானை ஒரு மேட்டோரத்தில் நிறுத்தினார். முன்னால் பெரிய கடல். அவர் வழக்கம்போல அதைப் பார்க்கவில்லை.

"நான் வந்த புதிசிலை என்னைக் கிரின்ஸ்டெட்டிலை கொண்டுவந்து விட்டவங்கள், தங்கச்சி. தனிய ஒரு அறை. காய்ச்சல் வந்து எழும்பேலாமல் கிடந்தன். பக்கத்து ஊரிலை ஒரு தமிழ்க் குடும்பம் இருந்திருக்கு. எனக்கும் தெரியாது, அவைக்கும் தெரியாது. செத்திருந்தாலும் ஒருதருக்கும் தெரியாது." தொப்பியைச் சரி செய்தார். "அவள் ஆரோடையும் இருக்கட்டும். இருக்கிறாள் எண்டு நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கவேணும்."

நான் இளகவில்லை. கிரின்ஸ்டெட்டில் காய்ச்சல் வந்ததற்காகக் கோலின்டில் வெங்காயம் தாளிக்க வேண்டுமா? அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்திருக்கக்கூடாதா? இதைக் கேட்டேன். அவர் வானை எடுத்தார். ரண்டர்ஸ் பெயர்ப்பலகை வந்தபோது மட்டும் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்தாமல் ஓட்டினார். அவர் ஒரு தமிழ் வீட்டைத் தாண்டிப் போனதை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

பிறகு ஆரணியிடமிருந்து சத்தமே இல்லை. நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்ததற்கு அடையாளம் விழும், பதில் வராது. இலையுதிர் காலம் முழுவதும் நான் அண்ணையோடு கதைக்கவில்லை. கடையில் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அதையும் கணக்கெடுக்காமல் வாசலில் வந்து நின்று, "தங்கச்சி, போற வழியிலை எட்டிப் பாத்தனான்," என்பார். கதவைப் பூட்டிவைக்கவும் முடியாது, தேத்தண்ணி கொடுக்காமல் இருக்கவும் முடியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஊற்றிக் கொடுப்பேன்.

மார்கழியில், நல்ல பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை பின்னேரம், போன் அடித்தது. ஆரணியின் பெயர்.

"அம்மா," என்றாள், கிசுகிசுத்த குரலில். "அவை போகினமில்லை."

"ஆர் பிள்ளை?"

"கோலின்ட் அன்ரியும் அங்கிளும். சொல்லாமல் வந்து நிக்கினம். இடியப்பம், சொதி, சம்பல் எல்லாம் கொண்டந்தவை. மத்தியாஸ் வேலைக்குப் போயிட்டான், நான் தனிய. சுடுதண்ணி ஹீற்றரும் நேற்றிலிருந்து வேலை செய்யேல்லை, அங்கிள் இப்ப அதைக் கழட்டிக்கொண்டிருக்கிறார். அன்ரி எப்ப கலியாணம் எண்டு கேக்கிறா. ஹோர்ன்ஸ்லெட் ஆக்கள் போன கிழமை வந்தவை, இதே கேள்வி. என்னம்மா இது? ஏன் இவை ஒருதரும் போன் பண்ணிப்போட்டு வாறேல்லை?"

அவ்வளவும் ஒரே மூச்சில், தமிழில். டேனிஷில் திட்டினால் உள்ளே இருப்பவர்களுக்கு விளங்கிவிடும், தமிழிலும் விளங்கிவிடும், அதனால்தான் குசினிக்குள் நின்று கிசுகிசுத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு போனில் கதைக்காத பிள்ளை. கோபத்தில்தான் எடுத்திருக்கிறாள், ஆனால் என்னைத்தான் எடுத்திருக்கிறாள். அழுதால் வைத்துவிடுவாளோ என்று பயந்து, நானும் எரிச்சல் பட்டவள்போலக் கதைத்தேன்.

"அதுகள் அப்பிடித்தான். சொல்லித் திருத்தேலாது."

"நான் இப்ப என்ன குடுக்கிறது அம்மா? கோப்பி வேண்டாமாம்."

"தேயிலை இருக்கோ?"

"பையிலை அடைச்சது இருக்கு."

"அதிலை நாலைப் பிச்சுக் கொட்டு. தண்ணியை நல்லாக் கொதிக்க விடு. பாலைப் பிறகு விடு. சீனியைக் கேட்டுப்போட்டுப் போடு, அங்கிளுக்குச் சீனி வருத்தமோ தெரியாது."

அவள் போனைக் குசினி மேடையில் வைத்துவிட்டு வேலை பார்ப்பது கேட்டது. அலுமாரி திறந்தது, தண்ணீர் கேத்திலுக்குள் விழுந்தது, கரண்டி கோப்பையில் தட்டியது. தூரத்தில் கோலின்ட்காரியின் குரல், "அப்ப நாங்கள் வெளிக்கிடுறம் பிள்ளை, இருட்டுது," என்றது.

ஆரணி குசினிக்குள் இருந்தபடியே உரத்துச் சொன்னாள்:

"இருங்கோ அன்ரி. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்."

தட்டை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போகிற காலடிச் சத்தம் கேட்டது. போனை வைக்க மறந்துவிட்டாள். நான் வைக்கவில்லை.